சோலார் பெட்டி சொன்ன சேதி

வைகாசி மூன்றாம் வாரம். சின்ன வெங்காயம் நட்டு 45 நாள் ஆகியிருந்தது. காய் திரள்கிற நேரம். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு தண்ணீர் கட்டாயம் வேண்டும். காயவிட்டுப் பிறகு கட்டினால் காய் பிளக்கும், எடை நிற்காது. தாராபுரம் பக்கத்து விவசாயி யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு 58 வயது. அதில் 40 வருடம் வெங்காயத்தோடுதான் போயிருக்கிறது.

அன்று காலை ஒன்பதரை மணிக்கே வெயில் நன்றாக ஏறியிருந்தது. பேனல்களுக்குக் கீழே இருந்த கன்ட்ரோலர் பெட்டியின் பட்டனை அமுக்கினார். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் திரையில் ஹெர்ட்ஸ் எண் 40-ஐத் தாண்டிவிடும். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அன்று எண் 18 வரை ஏறி அங்கேயே நின்றது. பிறகு 12-க்கு இறங்கியது. மறுபடி 17. மறுபடி 11. பாரம் இழுக்க மாட்டாத மாடு மேட்டில் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வருமே, அந்த மாதிரி. ஒரு நிமிடம் போல இப்படியே போராடிவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. திரையில் ஒரு எழுத்தும் எண்ணும் வந்தன. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடி அதே கதை. நான்கு முறை அமுக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“கரண்டு மோட்டாரா இருந்தா இந்நேரம் கல்லு மாட்டியிருந்தாலும் அரைச்சுத் தள்ளியிருக்கும். இதுக்குத் தெம்பு பத்தல” என்று மனைவியிடம் சொன்னார்.

கரண்டு மோட்டார் அரைத்துத் தள்ளிய கதை அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பழைய கிணற்றில் ஓடிய 5 எச்.பி. மோட்டார் பன்னிரண்டு வருடத்தில் ஐந்து முறை காயில் கட்டப் பட்டறைக்குப் போனது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்திலும் தண்ணீர் வேண்டும் என்று, ஊரில் பலரும் செய்வதுபோலக் கன்டென்சர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டியது முதல் தவறு. அப்படி ஓட்டும்போது காயிலில் ஆம்பியர் கூடும், ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே தட்டிவிடும். தட்டினால் தண்ணீர் நிற்கும். அதனால் ரிலேயின் திருகை மேல் எண்ணுக்குத் திருப்பி வைத்தார். அதற்கும் தட்டியபோது ரிலேயைத் தாண்டி நேராக ஒரு வயர் போட்டார். பீஸ் கட்டையில் ஒற்றை இழைக்குப் பதிலாக நான்கு இழை செம்புக் கம்பியை முறுக்கி வைத்தார். எது நிறுத்தியதோ அதையெல்லாம் எடுத்துவிட்டார். கடைசியில் நிறுத்துவதற்கு மிச்சமிருந்தது காயில் ஒன்றுதான். அது கருகி நின்றது. ஐந்து முறையும் இந்தக் கதைதான். ஒரு முறை அந்த அம்மாவின் தோடு கூட்டுறவு வங்கிக்குப் போய்வந்தது.

அந்தக் காயில் தவணைகளுக்குப் பயந்துதான், வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் 7.5 எச்.பி. சோலார் பம்ப்செட்டுக்கு எழுதிக் கொடுத்தார். 320 அடி போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் தம்பி வந்தான். வயது 26 இருக்கும். சுறுசுறுப்பான பையன், வேலையில் ஏமாற்று கிடையாது. அவனும் ஆறு முறை அமுக்கிப் பார்த்தான்.

“மாமா, மோட்டார் கொஞ்சம் டைட்டா இருக்குது. பெட்டிக்குள்ள லிமிட்டு வெச்சிருக்காங்க, 150-னு. அதைத் தாண்ட வுடமாட்டேங்குது. செட்டிங்குக்குப் போற நம்பர் எங்கிட்ட இருக்குது. 200-க்கு ஏத்திவுட்டுட்டா பிச்சுக்கிட்டு ஓடிரும். ரெண்டு தோட்டத்துல அப்படித்தான் பண்ணிக் குடுத்திருக்கறேன்.”

அவருக்குச் சரி என்றுதான் பட்டது. வெங்காயத்தாள் நுனி மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. ‘சரி, ஏத்து’ என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அந்த அம்மா போனை நீட்டினார். மறுமுனையில் மகள்.

மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவர். திருப்பூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பத்தாவது முடித்து அந்தப் படிப்பைக் கேட்டபோது, “பொட்டப்புள்ளைக்குக் கரண்டு வேலையா?” என்று ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தவர்தான் இவர். மில்லில் நூற்பு இயந்திரங்களை ஓட்டுவதும் இதே வகைப் பெட்டிகள்தான். அங்கே அவற்றை டிரைவ் என்பார்கள். மகளுக்குத் தினமும் அவற்றோடுதான் பாடு.

“அப்பா, ஸ்கிரீன்ல ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுதுங்கப்பா?”

அதை யாரும் பார்த்திருக்கவில்லை. தம்பி பட்டனை மாற்றி மாற்றி அமுக்கி, ஓடும்போது பார்த்துச் சொன்னான். 21.

“எத்தனை ஹெர்ட்ஸ்ல?”

“பதினேழு, பதினெட்டு.”

“மோட்டார் பிளேட்டுல எவ்வளவு போட்டிருக்குது?”

அது 14. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளிலும் எழுதியிருந்தது.

“பதினெட்டு ஹெர்ட்ஸ்ல இருபத்தொண்ணா? அப்பா, அந்த அண்ணனைப் பெட்டியில கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. இனிமேல் ஒரு தடவைகூட அமுக்காதீங்க. ஷிப்ட் முடிச்சு வந்தர்றேன்.”

சாயங்காலம் மகள் வந்ததும் முதலில் பெட்டியைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எல்லா சோலார் பம்ப் வைத்திருப்பவருக்கும் உதவும்.

பம்பு என்பது ஒரு தனிச் சாதி பாரம். வேகத்தைப் பாதியாக்கினால் அதைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை கால் பங்காகிவிடும். தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 50 ஹெர்ட்ஸில் முழு வேகம் என்றால், 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறையப் பாதிச் சக்தி போதும். 18 ஹெர்ட்ஸில் இருபதில் ஒரு பங்கு. மேகம் மறைத்தால் சோலார் பம்பு நிற்காமல் மெதுவாக ஓடுவது இதனால்தான். பேனல் குறைவாகத் தந்தால் பெட்டி வேகத்தைக் குறைக்கிறது, பாரமும் தானாகக் குறைகிறது. ஆகவே 18 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஐந்தாறு ஆம்பியர்தான் எடுத்திருக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் காயிலைக் காந்தமாக்கவே போகும். அந்த வேகத்தில் தண்ணீர் மேலே வரவே வராது. 5 இருக்க வேண்டிய இடத்தில் 21 என்றால் கீழே ஏதோ ஒன்று தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குத் தெம்பில்லை என்பது அல்ல கதை.

“அப்பறம் எதுக்கு இருபத்தொண்ணுல நிக்குது? அரைச்சுட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார் அவர்.

21 என்பது 14-இன் ஒன்றரை மடங்கு. தம்பி சொன்ன 150 அதுதான்.

பழைய ஸ்டார்ட்டரில் ரிலே இருந்ததே, அதன் உள்ளே இரண்டு விதமான உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு பட்டை உண்டு. ஆம்பியர் கூடினால் சூடாகி ஒரு பக்கமாக வளையும். வளைந்து ஸ்டார்ட்டரைத் தட்டிவிடும். அது மெதுவான ஆள். கொஞ்சம் கூடினால் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், ஆறு மடங்கு கூடினால் சில வினாடி. மெதுவாக இருப்பதும் வேண்டுமென்றேதான். நேர் ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போதே ஐந்து முதல் ஏழு மடங்கு ஆம்பியரை இழுக்கும். அதற்கெல்லாம் தட்டினால் மோட்டார் கிளம்பவே முடியாது. மோட்டாரில் இருப்பது இரும்பும் செம்பும். சில வினாடிச் சூட்டை அது தாங்கும்.

சோலார் பெட்டியில் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவது செம்பு அல்ல, சிலிக்கான். ஆறு சுவிட்சுகள், உள்ளே விரல் நகம் அளவுக்கான சில்லுகள். பேனலில் இருந்து வரும் நேர் மின்சாரத்தை ஒரு வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, மோட்டாருக்குத் தேவையான மும்முனை மின்சாரமாக ஆக்கித் தருவது அவைதான். கம்பி இரண்டும் நேராக ஒட்டிக்கொண்டால் இந்தச் சில்லு தாங்கும் நேரம் ஏறத்தாழ பத்து மைக்ரோ வினாடி. ஒரு வினாடியை ஒரு லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. பீஸ் கம்பி உருக அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். பீஸ் போவதற்குள் சில்லு போய்விடும். ஆகவே பெட்டி தன்னைத் தானே காத்துக்கொண்டாக வேண்டும்.

அதை ஒரே வழியில் செய்வதில்லை. கம்பி ஒட்டிக்கொண்ட மாதிரிப் பெருவெள்ளம் வந்தால், சில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காவல் மின்சுற்று யாரையும் கேட்காமல் அந்தக் கணமே அடைத்துவிடும். அவ்வளவு பெரிதாக இல்லாமல், வைத்த எல்லையை மட்டும் ஆம்பியர் தொட்டால் உடனே அடைப்பதில்லை. மின் துடிப்புகளைச் சுருக்கும், ஹெர்ட்ஸைக் குறைக்கும். பாரம் பம்பாக மட்டும் இருந்தால் வேகம் குறைந்ததும் ஆம்பியரும் இறங்கிவிடும். பிறகு மெல்ல ஏற்றிப் பார்க்கும். காலையில் 18-க்கும் 11-க்கும் இடையே அது அல்லாடியது இந்த வேலைதான். இதற்கெல்லாம் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை மடங்கு ஆம்பியர், எத்தனை வினாடி என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போவார். இவர் பெட்டியில் 150 சதவீதத்துக்கு ஒரு நிமிடம் தவணை. சில பெட்டிகளில் 110, 120 சதவீதம்தான் இருக்கும். தவணை முடிந்தால் நிறுத்து என்பார். திரையில் வரும் எழுத்துக்குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அர்த்தம் பார்த்துக்கொள்ளலாம். இவர் வீட்டில் அந்தப் புத்தகம் பரண்மேல் வெங்காய விதைக்காய்க் கூடைக்கு அடியில் கிடந்தது.

“ஏரியில தண்ணி கூடுனா கரை ஒடையறது ஒண்ணு, மதகுப் பலகையை எறக்கி அளவா வுடறது ஒண்ணு. பீஸ் போறது கரை ஒடையற மாதிரி. இது மதகு மாதிரிங்கப்பா” என்றார் மகள்.

“செரி. இருநூறுக்கு ஏத்துனா என்ன ஆகும்?”

காயிலில் ஏறும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒன்றரை மடங்கு ஆம்பியருக்கு இரண்டேகால் மடங்கு சூடு. இரண்டு மடங்கு ஆம்பியருக்கு நான்கு மடங்கு. அதோடு நீர்மூழ்கி மோட்டாருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதன் மேல்தோலை உரசிக்கொண்டு தண்ணீர் ஓடினால்தான் அது குளிரும். பம்பு சிக்கி நின்றால் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். சூடு நான்கு மடங்கு, குளிர்ச்சி ஏறக்குறைய இல்லை. தம்பி ஏற்றிவிட்டிருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கவும் கூடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. காலையில் இருந்து பத்து முறைக்கு மேல் அமுக்கியதைக் கேட்டு மகளுக்கு வந்த கோபம் இதனால்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் காயில் வெந்திருக்கிறது.

பிறகு மகள் கேட்டது அவர் எதிர்பார்க்காத ஒன்று. “காலண்டர் தாள்ல எழுதி வைக்கச் சொன்னேனே, எழுதுனீங்களா?”

கார்த்திகையில் வந்தபோது மகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: பகல் பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில், ஹெர்ட்ஸும் ஆம்பியரும் பார்த்து அன்றைய காலண்டர் தாளில் எழுதுங்கள் என்று. மகள் சொல்லுக்காகச் சில மாதம் எழுதினார். பிறகு விட்டுவிட்டார். கிழித்த தாள்களை அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. மளிகைக் கணக்கு எழுத உதவும் என்று சமையலறைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எல்லாத் தாளையும் திண்ணையில் பரப்பினார்கள்.

கார்த்திகையில் 46 ஹெர்ட்ஸுக்கு 11.2 ஆம்பியர். மார்கழியிலும் ஏறக்குறைய அதுவே. தையில் 11.4. மாசி இரண்டாம் வாரத்தில் அதே 46 ஹெர்ட்ஸுக்கு 12.3. மாசிக் கடைசியில் 12.9. அதோடு எழுத்து நின்றுபோனது. அதே வேகம், அதே பம்பு. ஆம்பியர் மட்டும் மாசியில் மளமளவென்று ஏறியிருக்கிறது.

“மாசியில என்னங்கப்பா நடந்துச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த அம்மாதான் சொன்னார். மாசியில் தண்ணீர் மட்டம் இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, இவரும் ஆள் வைத்து ஒரு குழாய் சேர்த்து 20 அடி கீழே இறக்கினார். 290 அடியில் இருந்த மோட்டார் 310-க்குப் போனது. போர்வெல்லோ 320 அடி. எத்தனையோ வருடச் சேறும் கல்மாவும் அடியில் படிந்து கிடக்கும். அதற்குப் பத்தடி மேலே கொண்டுபோய் உறிஞ்ச வைத்திருக்கிறார். ‘பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டாம், படிச்சவ, ஏதாவது சொல்லுவா’ என்றும் சொல்லியிருக்கிறார்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

குழாய் தூக்கும் ஆட்களுக்கு அந்த வாரம் எங்கே பார்த்தாலும் வேலை. இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள். மகள் மில்லுக்கு இரண்டு நாள் விடுப்புச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து மச்சானிடம் இரவு மும்முனை மின்சாரத்தில் தண்ணீர் கேட்டு, ஓஸ் போட்டு ஒன்றரை ஏக்கரில் முக்கால் ஏக்கரை நனைத்தார்கள். மீதி காய்ந்தது.

அந்த இரண்டு நாளில் வீட்டில் இருந்த மற்றப் பெட்டிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜர் இருக்கிறது. காலியான பேட்டரியைச் செருகினால், அது கேட்கிற அளவுக்கு ஆம்பியரைக் கொட்டிவிடாது. வைத்த அளவிலேயே பிடித்துக்கொண்டு நிரப்பும். பேட்டரி நிரம்ப நிரம்பத்தான் ஆம்பியர் தானாகக் குறையும். சிவப்பு விளக்கு பச்சையாவது அதற்குப் பிறகு. நல்ல செல்போன் சார்ஜரின் வயர் உள்ளே ஒட்டிக்கொண்டால் சார்ஜர் வெடிப்பதில்லை. அணைந்து, கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்து, ஒட்டு இன்னும் இருந்தால் மறுபடி அணைந்துகொள்ளும். விக்கல் எடுப்பது மாதிரி. வேறு சில பெட்டிகள் பாரம் கூடினால் எல்லையில் நிற்பதோடு இன்னும் பின்வாங்கி, ஆம்பியரை அதற்கும் கீழே குறைத்துக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரில் அந்த அம்மா ஒருநாள் கிரைண்டரைப் போட்டிருக்கிறார். மூன்று முறை முக்கிவிட்டு, கீச்சென்று கத்திவிட்டு நின்றுகொண்டது. கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது கேட்கும் பல மடங்கை அது தர முடியாது, தரவும் கூடாது.

இதில் ஆபத்தான ஒரு இடம் உண்டு. மாட்டுக் கொட்டகை விளக்கு வயரை எலி கடித்திருந்தது. வீட்டு மின்சாரம் இருக்கும்போது வயர் ஒட்டினால் எம்.சி.பி. ‘டப்’பென்று விழும். மின்சாரம் நின்று இன்வெர்ட்டரில் ஓடும்போது அதே வயர் ஒட்டினால் இன்வெர்ட்டர்தான் கத்திவிட்டு நிற்கும், எம்.சி.பி. விழாமலே இருக்கலாம். அதை விழவைக்கும் அளவு ஆம்பியரை இன்வெர்ட்டர் தருவதில்லை. ‘எம்.சி.பி. விழல, அப்ப வயர் நல்லாத்தான் இருக்குது’ என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது தப்புக் கணக்கு. மறுநாளே அந்த வயரை மாற்றினார்கள்.

பேனலும் இப்படித்தான். அதன் இரண்டு கம்பியையும் நேராக ஒட்டினாலும், நல்ல வெயிலில் வழக்கமாகத் தரும் ஆம்பியரைவிடக் கொஞ்சம்தான் கூடும். அதனால் பீஸ் போகாது. ஆனால் பொறி கிளம்பினால் அது அணையவும் அணையாது. நேர் மின்சாரப் பொறி இழுத்துக்கொண்டே எரியும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது என்று மகள் அப்பாவிடம் மூன்று முறை சொன்னார். மெக்கானிக் தம்பியிடமும் சொன்னார்.

மூன்றாம் நாள் மோட்டாரை மேலே தூக்கினார்கள். பம்பின் உள்ளே சுழலும் தட்டுகளுக்கு இடையில் பொடிக்கல்லும் மணலும் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தன. நான்கு தட்டுகளின் விளிம்பு தேய்ந்து, ஒன்று ஓரம் உடைந்து சாய்ந்திருந்தது. அடிப்புஷ் தேய்ந்து தண்டு ஆடியது. தண்டைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. காயில் எப்படி இருக்கிறதோ என்றுதான் எல்லோருக்கும் பயம். தம்பி மெக்கர் வைத்துப் பார்த்தான். காயில் சுத்தமாக இருந்தது. மூன்று வயரிலும் அளவு சரி. அவன் அந்தக் கருவியை இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் சுருட்டினான்.

பம்புப் பகுதியில் தட்டுகளும் புஷ்ஷும் மாற்றினார்கள். மோட்டாரில் வேலை இல்லை. போர்வெல்லைக் கம்பிரசர் வைத்து ஊதிச் சுத்தம் செய்து, மோட்டாரை 290 அடிக்கே ஏற்றி இறக்கினார்கள். அந்த ஆழத்தில் கோடையில் தண்ணீர் சில மணி நேரத்தில் வற்றும். அப்போது என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அதற்கும் பெட்டியில் வழி இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் பம்பு வெறுமனே சுற்றினால் ஆம்பியர் குறையும். குறைந்தால் பெட்டி நிறுத்திவிட்டு, வைத்த நேரம் பொறுத்து மறுபடி கிளப்பும். கூடினாலும் நிற்கும், குறைந்தாலும் நிற்கும். அந்தப் பொறுக்கும் நேரத்தை மட்டும் 30 நிமிடத்துக்கு மாற்றி வைத்தார் மகள். 150-ஐத் தொடவில்லை.

“அப்ப அந்த லிமிட்டை எப்பவுமே தொடக்கூடாதுங்களா?” என்று தம்பி கேட்டான். ஒரு இடத்தில் தொட வேண்டும். அதுவும் பெரும்பாலும் கீழே இறக்குவதற்கு. பெட்டி தன் சில்லைத் தானாகக் காத்துக்கொள்ளும். மோட்டாரைக் காக்க வேண்டுமானால் மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியரை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். 7.5 எச்.பி. பெட்டியில் 5 எச்.பி. மோட்டாரை மாட்டிவிட்டு 14-ஐ அப்படியே விட்டால், பெட்டிக்கு அது நிம்மதியான ஓட்டம், மோட்டாருக்குச் சாவு. தம்பி முகம் மாறியது. போன மாதம் ஒரு தோட்டத்தில் அதையேதான் செய்துவிட்டு வந்திருந்தான். அங்கே அன்று இரவே போன் செய்து ஓட்ட வேண்டாம் என்றான்.

நான்காம் நாள் காலையில் எண் 46-க்குப் போனது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. ஆம்பியர் 11.3. அவர் அன்றைய தாளைக் கிழிக்கும் முன்பே எழுதினார்.

நனைந்த முக்கால் ஏக்கரில் காய் பழுதில்லாமல் வந்தது. காய்ந்த பாதியில் பிளவுக்காய் நிறைய. அதைத் தனியாகப் பிரித்துக் குறைந்த விலைக்குத்தான் போட முடிந்தது. குழாய் தூக்கிய கூலி, தட்டு, புஷ், கம்பிரசர் எல்லாம் சேர்த்து வந்த செலவைக் கழித்தால் அந்தப் பட்டத்தில் கைக்குப் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. தோடு இந்த முறை வங்கிக்குப் போகவில்லை.

ஆனி பிறந்து மேகமும் காற்றும் கிளம்பியது. மேகம் கடக்கும்போதெல்லாம் எண் 46-இல் இருந்து 30-க்கு இறங்கி மறுபடி ஏறும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இப்போது திரையின் பக்கத்திலேயே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து, வேகம் இறங்கும்போது ஆம்பியரும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்குகிறது.

மெக்கானிக் தம்பி தான் 200-க்கு ஏற்றிவிட்ட இரண்டு தோட்டத்துக்கும் அந்த வாரமே போனான். ஒரு இடத்தில் 150-க்கு இறக்கி வைத்துவிட்டு, பம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தான். மற்ற இடத்தில் மோட்டார் ஏற்கெனவே காயில் கட்டப் பட்டறைக்குப் போயிருந்தது.